ஒழுகும் தொட்டிக்கு வர்ணம் பூசலாமா?

ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினில், 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆந் திகதி, அதிகாலை ஆறு மணியாவதற்குச் சற்று முன்னர், ஒரு மீன்தொட்டி உடைந்தது. மீன்தொட்டி உடைவதும் ஒரு செய்தியோ என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வீட்டு மேசையில் வைக்கும் தொட்டியாக இருந்தால் செய்தியன்றுதான். ஆனால் அது பெரிய ஹோட்டலொன்றின் நடுக்கூடத்தில், பல மாடி உயரத்துக்கு எழுந்து நின்ற தொட்டி. பத்து லட்சம் லீற்றர் உப்புநீர் அதனுள் நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1,500 மீன்கள் அதில் வாழ்ந்தன. தொட்டியின் நடுவே மின்தூக்கி ஓடியது. காசு கொடுத்து அதில் ஏறியவர்கள் நாற்புறமும் மீன் நீந்தக் கண்டு மகிழ்ந்தார்கள். தனித்து நிற்கும் உருளை வடிவ மீன்தொட்டிகளுள் உலகத்திலேயே பெரியது இதுதான் என்று விளம்பரஞ் செய்தார்கள். ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் யூரோ செலவில் எழுப்பி, 2003ஆம் ஆண்டு இறுதியில் திறந்து வைத்தார்கள்.

பத்தொன்பது ஆண்டுகள் நின்ற அந்தத் தொட்டி சில கணங்களிற் சிதறியது. ஆயிரந் தொன் நீர் கதவுகளையும் தளபாடங்களையும் வாரிக்கொண்டு வீதியிலே பாய்ந்தது. வெளியே உறைபனிக் குளிர். வெப்பக் கடலின் மீன்கள் அந்தக் குளிரில் வீதியோரத்திற் கிடந்து மடிந்தன. பெருந்தொட்டியில் இருந்தவற்றுள் ஏறத்தாழ எல்லாமே இறந்தன. கீழ்த்தளத்துச் சிறு தொட்டிகளில் இருந்த நூற்றுக்கணக்கான மீன்களை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. மனிதரில் இருவர் காயமடைந்தனர். ஒருவரும் இறக்கவில்லை.

ஏன் இறக்கவில்லை? காவல் பலமாக இருந்ததாலா? எச்சரிக்கை கிடைத்ததாலா? இரண்டும் இல்லை. பொழுது விடியவில்லை என்ற ஒரே காரணத்தினால்! அப்பொழுது அந்நகரின் மேயராக இருந்த ஃபிரான்சிஸ்கா கிஃபே அம்மையார் இதை மறைக்காமற் சொன்னார். ஒரு மணி நேரம் பிந்தி நடந்திருந்தால் அந்தக் கூடத்திலும் வீதியிலும் மக்கள் இருந்திருப்பார்கள், பேரழிவு நேர்ந்திருக்கும் என்பதே அவர் கூற்றின் சாரம். ஒரு மாநகரத்தின் உயிர்கள் அன்று கடிகாரத்தின் முள்ளிலே தொங்கின.

பேர்லின் எங்கே, சிலாவத்துறை எங்கே? மன்னார்க் கரையிலிருந்து கொண்டு அந்த ஊர் மீன்தொட்டியைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும்? காரணம் உண்டு. நமக்குக் கண்ணாடித் தொட்டி கிடையாது. ஆனால் நம் தலைக்கு மேலே மண்ணாற் கட்டிய தொட்டிகள் இருக்கின்றன. அவற்றைக் குளங்கள் என்கிறோம்.

அதே விடியற்காலம், வேறு விதி

1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆந் திகதி அதிகாலை மூன்று மணியளவில் கந்தளாய்க் குளம் உடைத்தது. அந்தக் குளத்தைச் சிங்கள மரபு ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனோடு சேர்த்துப் பேசும். தமிழ் மரபு குளக்கோட்டனோடு சேர்த்துப் பேசும். யார் கட்டினார் என்று வெள்ளம் கேட்கவில்லை. கீழே உறங்கியவன் தமிழனா, சிங்களவனா, முஸ்லிமா என்றும் பார்க்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போயிற்று. 1,600 வீடுகள் அழிந்தன. 2,000 ஏக்கர் வயல் மண் மூடியது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எண்ணாயிரத்துக்கும் மேல்.

பேர்லினில் விடியாத பொழுது உயிரைக் காத்தது. கந்தளாயில் அதே விடியாத பொழுது உயிரைக் குடித்தது. அங்கே தொட்டியின் கீழே வெறுங் கூடம் இருந்தது. இங்கே குளத்தின் கீழே குடியானவனின் பாய் விரித்திருந்தது. ஆகவே நேரத்தை நம்பியிருப்பவன் மதியீனன். இரண்டு ஊர்களுக்கும் பொதுவாய் இருந்தது நேரமன்று. நீரைத் தாங்கி நின்ற சுவர் எந்த நிலையில் இருந்தது என்பது அதன் நிழலில் இருந்த மக்களுக்குத் தெரியாது. அதுவே இரண்டுக்கும் பொது.

கந்தளாயின் அணைக்கட்டு மேலால் மிகுந்த பாரமுள்ள வாகனங்களை ஓடவிட்டதும் உடைப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்றெனப் பதிவாகியிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், மாட்டு வண்டிக் காலத்திலே கட்டிய கரை. அதன்மேல் எத்தனை தொன் பாரம் ஏறலாம் என்று கணக்குப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால், கணக்குப் பார்த்தவர் சொல்லுக்கு மதிப்பும் இருந்திருந்தால், அந்த இரவு எத்தனையோ குடும்பங்களுக்கு மற்றோர் இரவாகக் கழிந்திருக்கும்.

திடீரென்று உடைகிறதா?

"திடீரென்று உடைந்தது" என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். நாமும் எழுதியிருக்கிறோம். ஆனால் நீரைத் தாங்கும் சுவர் எதுவும் திடீரென்று பலவீனமடைவதில்லை. உடைவதுதான் திடீர்; நோய் பழையது.

நீரின் கணக்கு எளிது. ஒவ்வொரு மீற்றர் ஆழமும் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பின்மேல் ஒரு தொன் பாரத்தை வைக்கிறது. பேர்லின் தொட்டியின் அடிச் சுவரில் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறக்குறைய பதினைந்து தொன் பாரம் இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்தச் சுவர் உண்மையிற் கண்ணாடியன்று. அக்கிரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். தனித்தனிப் பலகைகளை வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி உருளையாக்கினார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு தளர்வோ, அடியில் ஒரு சிறு வெட்டோ இருந்தால், பாரம் முழுவதும் அந்தப் புள்ளியைத் தேடிச் செல்லும். பிளவு ஒன்று ஓடத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த ஆளில்லை.

உடைவுக்குக் காரணம் என்ன என்று ஆராய நிபுணர்களை அமர்த்தினார்கள். அறிக்கை 2023 ஒக்டோபரில் வெளியாயிற்று. மூன்று காரணங்கள் இருக்கலாம் என்றார்கள். ஒட்டுப்பொருள் விட்டுக்கொடுத்திருக்கலாம், 2020ஆம் ஆண்டளவில் நடந்த புதுப்பித்தலின்போது அடிப்பகுதியில் ஏற்பட்ட வெட்டு வளர்ந்திருக்கலாம், அதே வேலைக்காக நீரை இறைத்துவிட்டபோது சுவர் உலர்ந்து கெட்டிருக்கலாம். மூன்றில் எது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று ஐயங்களுள் இரண்டு, புதுப்பித்த வேலையையே சுட்டுகின்றன. திருத்தம் செய்தோம் என்று பலகை நாட்டுவதும், மந்திரியை அழைத்து நாடா வெட்டுவதும் பாதுகாப்பாகிவிடா என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? திருத்திய சுவரைத் திருத்தியவனே பார்த்து "நன்று" என்று சொல்வது சோதனையாகாது. வேறொருவன் பார்க்க வேண்டும்; பார்த்ததை எழுத வேண்டும்; எழுதியதை ஊருக்குக் காட்ட வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்து உலகத்துக்குச் சொன்ன பேர்லின் அறிக்கையின் நேர்மையை நாம் மெச்சுகிறோம்.

நம் மண்கட்டின் நோய் வேறு விதமானது. ஆனால் அதுவும் பழைய நோயே. கறையான் புற்று, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர், துருசின் பக்கத்திற் கட்டிடமும் மண்ணும் சேருமிடம் ஆகியவற்றின் வழியாக நீர் முதலிற் பொசிகிறது. பொசியும் நீர் தெளிவாக இருக்குமட்டும் பேராபத்தில்லை. அது கலங்கி வரத் தொடங்கினால், கட்டின் வயிற்றிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். துளை வளையாகி, வளை வாய்க்காலாகி, ஓரிரவிலே கட்டு வாய் பிளக்கும். வான் அடைபட்டுக் கட்டின் மேலால் நீர் வழிந்தாலும் அதே கதிதான். இது பொறியியல் நூலிற் படிக்க வேண்டிய இரகசியமன்று. நம் வட்டவிதானைமாருக்கும் முதிய கமக்காரருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்தவன் சொன்னால் கேட்பதற்குக் காரியாலயத்தில் காது இருக்கிறதா என்பதே கேள்வி.

வர்ணம் பூசிய கம்பனி

காது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் பொஸ்டன் நகரம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஐம்பது அடி உயரமும் தொண்ணூறு அடி அகலமும் உள்ள உருக்குத் தொட்டியொன்றை அங்கே மதுசாரக் கம்பனியொன்று 1915இல் எழுப்பியது. இருபத்து மூன்று லட்சம் கலன் கரும்புப் பாகு அதில் அடங்கும். கட்டிய நாள் தொட்டு அது ஒழுகியது. அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகள் ஒழுகிய பாகைத் தகரத்திற் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். கம்பனிக்கும் ஒழுகல் தெரியும். கம்பனி என்ன செய்தது? பாகின் நிறத்திலேயே தொட்டிக்கு வர்ணம் பூசியது! ஒழுகல் நின்றதா? இல்லை. ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

1919ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி, நண்பகல் கழிந்த வேளையில் அந்தத் தொட்டி வெடித்தது. பாகு அலையாக எழுந்து வீதிகளிற் புகுந்தது. 21 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய 150 பேர் காயமடைந்தார்கள். கம்பனியோ, அராஜகவாதிகள் குண்டு வைத்தார்கள் என்று சாதித்தது. வழக்குப் பல ஆண்டுகள் நடந்தது. 1925இல் விசாரணை அதிகாரி கம்பனியே குற்றவாளி எனத் தீர்த்தார். தகடு போதிய தடிப்பில்லை. பொறியியல் அறிந்தவர் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. அதன் பின்னரே, பொறியியலாளர் கையொப்பமிட்ட திட்டப்படமின்றிப் பெரிய கட்டுமானம் எழுப்பக்கூடாது என்ற கட்டுப்பாடு அந்த மாகாணத்தில் இறுகியது.

தகரம் ஏந்திய குழந்தைக்குத் தெரிந்த ஒழுகல், நீதிமன்றத்துக்குத் தெரிய 21 உயிர் செலவாயிற்று. வர்ணம் பூசும் வித்தை அந்தக் கம்பனியோடு ஒழிந்துவிடவில்லை. குறை சொன்னவனைக் கலகக்காரன் என்பதும் வர்ணமே. கோவையிற் குறிப்பெழுதி அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும் வர்ணமே. வெள்ளம் வடிந்தபின் நிவாரணப் பொதியைக் கொடுத்துப் படம் பிடிப்பதும் வர்ணமே.

சிப்பிக்குக் கிடைத்த மரியாதை

இனி நம் கரைக்கு வருவோம். சலாபத்துறை என்பதே சிலாவத்துறை ஆயிற்று என்பர். சலாபமென்றால் முத்துக் குளிப்பு. பெரிய பார், செவல் பார் என்று கடலடியிற் கிடந்த சிப்பிப் படுகைகளுக்கு நம் சுழியோடிகள் வைத்த பெயர்களையே வெள்ளைக்காரனும் தன் வரைபடங்களில் எழுதினான். முத்துப் பார்களைச் சோதிப்பதற்கென்றே அவன் ஒரு பரிசோதகரை நியமித்தான். படகெடுத்துச் சென்று, பாருக்குப் பார் சிப்பி எடுத்து, வயது பார்த்து, மாதிரிச் சிப்பியிற் கிடைத்த முத்துக்கு விலை மதித்து, அதன் பின்னரே சலாபம் உண்டா இல்லையா என்று பகிரங்க விளம்பரஞ் செய்தார்கள். வருமானம் வருமிடம் என்றபடியால் அத்தனை கவனம்!

அந்தக் கவனம் தளர்ந்தபோது என்ன நேர்ந்தது? 1905இல் மட்டும் ஏறக்குறைய எட்டுக் கோடிச் சிப்பிகளை வாரினார்கள். 1906இல் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்தார்கள். 1907க்குப் பின்னர் 1925 வரை சலாபமே நடக்கவில்லை. கம்பனி குத்தகைக் காலம் முடியுமுன்னரே கலைந்தது. கண்ணாடியும் மண்கட்டும் இல்லாத தொட்டி கடல். அதையும் மனிதர் வெறுமையாக்க முடியும் என்பதை நம் கரை கண்டது.

நாம் கேட்பது இதுதான். சிப்பியின் சுகத்தை ஆண்டுதோறும் விசாரித்துப் பகிரங்கமாகச் சொன்ன நாட்டில், மக்கள் உறங்கும் இடத்துக்கு மேலே நிற்கும் குளக்கட்டின் சுகத்தை ஆண்டுதோறும் விசாரித்து அந்த மக்களுக்குச் சொல்லக் கூடாதா? சிப்பிக்கு உள்ள மரியாதை மனிதனுக்கு இல்லையா?

அருவியாறு நமக்குப் புதியதன்று. அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று பெயர் கொண்டு, பல குளங்களைக் கடந்து, தேக்கத்திலே தடுக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்கு உயிர் கொடுத்து, அரிப்புக்கு அருகே கடலிற் சேர்கிறது. மேலே எது நடந்தாலும் அதன் கணக்கைத் தீர்ப்பவர்கள் கீழே இருக்கும் நாம். இதே ஆற்றின் மேற்புறத்து நாச்சதூவக் குளம் 1957ஆம் ஆண்டு வெள்ளத்திற் கடுமையாகச் சேதமுற்று, அடுத்த ஆண்டு திருத்தப்பட்டது. இதே ஆற்றிலே கீழ் மல்வத்து ஓயா என்ற பெயரில் இன்னொரு பெருநீர்த்தேக்கத் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது.

அந்தத் திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. முசலியின் வயலுக்கும் மன்னாரின் வயலுக்கும் நீர் வேண்டும். அகத்திமுறிப்புக் குளத்தை நோக்கியிருக்கும் கமக்காரனுக்கு நீரின் அருமையை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நீர் வேண்டும் என்பவனுக்கே, அந்த நீரைத் தாங்கும் கட்டு உறுதியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் முதலுரிமை உண்டு. மேலும், இந்த மக்கள் ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது சிலாவத்துறையின் வீடுகள் வெறிச்சோடின. போர் ஓய்ந்த 2009க்குப் பின்னர் திரும்பி வந்து, காடு வெட்டி, சுவர் எழுப்பிக் குடியேறினார்கள். அப்படி எழுப்பிய சுவரை மற்றொருவனின் அலட்சியம் கொண்டுவரும் வெள்ளத்துக்குக் கொடுக்கச் சொல்வது எந்த நியாயம்?

நாம் கேட்பவை

முதலாவது: ஆண்டுதோறும் மாரிமழைக்கு முன்னர் அருவியாற்றின் மேற்புறத்துப் பெருங்குளங்களையும் மன்னார் மாவட்டத்துக் குளங்களையும், அவற்றைப் பராமரிக்கும் பகுதியைச் சேராத பொறியியலாளர் சோதிக்க வேண்டும். அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது: கட்டிலே பொசிவு கண்டவன் சொல்வதைப் பதிந்து கொள்ளப் புத்தகம் ஒன்று வேண்டும். சொன்னது என்றைக்கு, பார்த்தது யார், செய்தது என்ன என்பவை அதில் எழுதப்பட வேண்டும். எழுத்தில் உள்ளதற்கு வர்ணம் பூசுவது கடினம்.

மூன்றாவது: புதிய நீர்த்தேக்கம் எழும்புமாயின், அது உடைந்தால் நீர் எந்த ஊரில் எத்தனை நாழிகையிற் சேரும் என்று காட்டும் வரைபடம் நீர் நிரப்பு முன்னரே வெளிவர வேண்டும்.

நான்காவது: எச்சரிக்கை மக்களின் மொழியில் வரவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி இத்தீவிலே அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, அறிவித்தல்கள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. வெள்ளம் வரும் இரவிலே அந்த வாசகம் உயிர்பெறாவிட்டால் வேறெப்போது உயிர்பெறும்? பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும், தேவாலயத்தின் மணியும், கோயிலின் மணியும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அடிப்பதற்கு ஆட்கள் தயார். எப்பொழுது அடிக்க வேண்டும் என்று தமிழிலே சொல்வதற்குத்தான் ஒருவர் வேண்டும்.

இவையெல்லாம் பணச்செலவான காரியங்கள் என்பார்கள். கந்தளாயின் 1,600 வீடுகள் செலவில்லாமற் போயினவா? நிபுணர்களின் விஷயத்திற் பொதுமக்கள் தலையிடலாமா என்பார்கள். தகரம் ஏந்திய பொஸ்டன் பிள்ளைகளே அதற்கு மறுமொழி.

வாசகர்களுக்கும் ஒரு சொல். கேட்டால்தான் கிடைக்கும். தகவல் அறியும் உரிமைக்கென 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கமக்காரர் சங்கமும், ஒவ்வொரு மீனவர் சங்கமும் தங்கள் ஊருக்கு மேலே உள்ள குளத்தின் கடைசிச் சோதனை அறிக்கையைக் கேட்டு இந்த மாதமே ஒரு விண்ணப்பம் எழுதட்டும். அறிக்கை இருந்தால் படிப்போம். இல்லை என்று மறுமொழி வந்தால், அந்த மறுமொழியை இந்தப் பத்திரிகையிலே வெளியிடுவோம்.

சிலாவத்துறைக்கு வடக்கே, அரிப்புக் கரையில், நம் மக்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிந்த மாளிகை நிற்கிறது. முத்துச் சலாபத்தைப் பார்த்திருக்க, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டுவித்த வீடு அது. கடல் கரையை அரிக்க அரிக்க, சுவர் சுவராக அது சரிந்து வருகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆளில்லாத மாளிகை சரிந்தால் வரலாறு மட்டுமே நஷ்டம். ஆள் இருக்கும் ஊருக்கு மேலே ஒரு கட்டுச் சரிவதை அப்படி நின்று பார்க்க நாம் ஆயத்தமில்லை.